யார் சொன்னது நான் வாழவில்லை என்று

ஜனவரி 9

அக்கா,

என் பணி ஓய்வு விழா முடிந்து மூன்று வாரமாகிறது. நீ ஏன் சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போனாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போன் செய்தால் எடுக்கிறாய். நான் "அக்கா, அக்கா" என்று கத்துகிறேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது உனக்கு எழுதியது. அதற்கப்புறம் எழுதவில்லை.

நான் என்ன தப்பாகப் பேசினேன்? மேடையில் எல்லாரும் மேலதிகாரிகளுக்கு நன்றி சொல்வார்கள். நான் உனக்குச் சொன்னேன். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போனபிறகு கல்யாணமே செய்துகொள்ளாமல், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துச் சம்பாதித்து, என்னை இன்ஜினியர் ஆக்கியவள் என்றேன். மெழுகுவர்த்தி மாதிரி உருகி எனக்கு வெளிச்சம் தந்தவள் என்றேன். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்"னார். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. உனக்குக் கொடுத்த பூச்செண்டு நாற்காலியில் கிடந்தது.

என் மனைவி, "அண்ணிக்குக் கூட்டம் ஒத்துக்கல போல"ங்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. நீ கோபமாக இருக்கிறாய்.

இங்கே மாடியில் கிழக்குப் பக்க அறையைச் சுத்தம் செய்துவைத்திருக்கிறோம். குளியலறையும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தையல் கடை மாடியில் இன்னும் எத்தனை நாள் தனியாகக் கிடப்பாய்? எனக்கும் இப்போது வேலை இல்லை. வந்துவிடு. இனிமேலாவது நீ வாழ வேண்டும்.

சின்னவன்

ஜனவரி 17

சின்னவனே,

இனிமேலாவது நான் வாழ வேண்டுமா? அப்படியானால் இதுவரை என்னடா செய்துகொண்டிருந்தேன்?

நல்ல எண்ணத்தில்தான் பேசினாய், தெரியும். ஆனால் அந்த மேடையில் என்னை நிற்கவைத்து, உயிரோடு இருக்கும்போதே இரங்கல் கூட்டம் நடத்திவிட்டாய். கீழே இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை ஆஸ்பத்திரி வராண்டாவில் இருப்பவர்கள் பார்ப்பார்களே, அதே பார்வை. ஒரு அம்மாள் வந்து என் தோளைத் தடவி, "எல்லாத்தையும் விட்டுக்கொடுத்திட்டீங்களேம்மா"ன்னார். எதை விட்டுக்கொடுத்தேன் என்று அவரைக் கேட்க வாயெடுத்தேன். அவர் பதில் சொன்னால் அழுதுவிடுவேனோ என்று வந்துவிட்டேன்.

மெழுகுவர்த்தி என்றாயே. என் எக்ஸ்ரே அறையை நீ எத்தனை முறை பார்த்திருக்கிறாய்? ஈயக் கதவைத் தள்ளி உள்ளே வந்தால் வெயில் காலத்திலும் குளிரும். பக்கத்தில் இருட்டறை, அதில் ஒரு சிவப்பு விளக்கு. மருந்துத் தொட்டியில் படத்தை முக்கி எடுத்தால் வெறும் கறுப்பிலிருந்து ஒருத்தருடைய விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வரும். கம்ப்யூட்டர் வரும்வரை அதைத்தான் செய்தேன். ஒருநாளும் சலித்ததில்லை. வீட்டுச் சாவியை விழுங்கிவிட்டதாகத் தூக்கிவந்த குழந்தையின் வயிற்றில் சாவி தெளிவாகத் தெரிந்தது. அதன் அப்பா படத்தைப் பார்த்து, "இது பீரோ சாவியாச்சே, அப்ப வீட்டுச் சாவி எங்க?"ன்னு அலறினார். அன்றைக்கு நானும் ஆயாவும் சிரித்த சிரிப்பில் டாக்டர் எட்டிப்பார்த்தார். மாலையில் டீ குடித்துவிட்டு, ஆற்றோரமாக நடந்து வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, காலை நீட்டி உட்காருவேன். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் என்னை அங்கே கட்டிப்போடவில்லை.

கிழக்குப் பக்க அறைக்கு நன்றி. வரமாட்டேன்.

போனில் இப்போது எனக்குப் பேச வராது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜனவரி 26

அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ என் மனம் நோகக் கூடாது என்பதற்காக இதையெல்லாம் எழுதுகிறாய். அது உன் வழக்கம். எனக்குக் கண் இல்லையா? அம்மா இறந்த வருடம் அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு நீ அழுததைக் கதவிடுக்கில் பார்த்தவன் நான். மேலே படிக்க உனக்கு இடம் கிடைத்திருந்தது. நீ போகவில்லை. உன்னோடு படித்தவர்கள் எல்லாம் கணவன், குழந்தை என்று வந்து போனபோது நீ எனக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். உன்னைக் கேட்டு ஒரு வரன் வந்தது, "தம்பி படிப்பு முடியட்டும்"னு திருப்பி அனுப்பினாய். அது என் காதில் விழுந்த வார்த்தை. இதையும் நானே கற்பனை செய்துகொண்டேனா?

நான் ஒருநாளும் சோம்பி உட்கார்ந்ததில்லை அக்கா. எந்தக் கட்டட வேலையிலும் என்னைவிட முன்னால் வந்தவன் கிடையாது, என்னைவிடப் பின்னால் போனவனும் கிடையாது. ஏன் தெரியுமா? நீ இழந்ததற்கு நான் ஈடாக இருக்க வேண்டும் என்றுதான். இப்போது நீ எதையும் இழக்கவில்லை என்கிறாய். காலுக்குக் கீழே இருந்ததை உருவிவிட்ட மாதிரி இருக்கிறது.

அப்புறம், பேச வராது என்றால் என்ன அர்த்தம்? பேசப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது.

சின்னவன்

பிப்ரவரி 8

சின்னவனே,

அடுப்படியில் அழுதது உண்மை. முதல் சில வருடங்கள் கஷ்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. கதவிடுக்கில் நின்று அழுகையைப் பார்த்த பையன், அதற்கப்புறம் வந்ததையும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம். நீ அந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாய்.

வரன் வந்தது, திருப்பி அனுப்பினேன். அந்த மனிதர் வந்து உட்கார்ந்த முக்கால் மணி நேரமும் தன் வயிற்றுக்கோளாறைப் பற்றியே பேசினார். மறுக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நீ அகப்பட்டாய்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நாங்கள் சேர்ந்து சினிமாவுக்குப் போவோம். அப்போது நீ கல்யாணமாகிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாய். இடைவேளைக்கு முன்பே அவர் தூங்கிவிடுவார். திரும்பி வரும்போது மீதிக் கதையை நான் சொல்லவேண்டும், அதுவும் என் இஷ்டத்துக்கு மாற்றித்தான் சொல்வேன். ஒருநாள் கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன?"

"உங்கள எனக்குப் பிடிக்கும். ஆனா வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டு உக்காருறதும் எனக்குப் பிடிக்கும்"னேன்.

டீயை ஒரு வாய் குடித்தார். "அப்ப சினிமா?"

"சினிமாவுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அது பாட்டுக்கு வருடக்கணக்காக இருந்தது. கடைசியில் மகள் ஊருக்குப் போனார், அங்கேயே இறந்துபோனார். நான் போய்ப் பின்வரிசையில் நின்றேன். மகள் தேடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒருத்தருக்கு வேண்டியவளாக இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. உன்னால் எனக்கு எதுவும் தடைப்படவில்லையடா. நான் உன் வீட்டுக்கு அஸ்திவாரம் இல்லை. எனக்கென்று ஒரு வீடு இருந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குரல் போய்விட்டது. உன் விழாவுக்கு முன்பே கரகரத்துக்கொண்டிருந்தது, சளி என்று நினைத்தேன். என்னிடம் வேலை பழகிய பெண்தான் இப்போது என் பழைய எக்ஸ்ரே அறையில் இருக்கிறாள். அவளே படம் எடுத்தாள். எடுத்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பாமல் நின்றாள். நானே திருப்பிப் பார்த்தேன். இடது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு கட்டி. குரலுக்குப் போகும் நரம்பை அது அமுக்குகிறது. வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறது. டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். வலிக்கு மருந்து போதும் என்று எழுதிக்காட்டினேன்.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

இதைக் கடைசிப் பத்தியில் எழுதுகிறாயே, நீ மனுஷியா?

அந்த அறைதான் உன்னைத் தின்றிருக்கிறது. அந்தக் கதிர்களுக்குள் நீ போய் நின்றதும் எனக்காகத்தான். எனக்குச் சினிமாக் கதை சொல்லி ஏமாற்ற வேண்டாம்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். நாளைக்கு ரயில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்னவன்

ஏப்ரல் 2

சின்னவனே,

நீ கோபித்துக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது. எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நீ இங்கே இருந்த நாட்களில் எனக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக்காட்டினேன். நீ பாதியைப் படித்தாய், மீதியை மருந்துப் பெட்டிக்குக் கீழே வைத்தாய். சமைக்கத் தெரியாமல் சூப்பில் உப்பை அள்ளிப்போட்டாய். திறக்காமல் கிடந்த ஜன்னலைச் சுரண்டித் திறந்தாய். கீழே தையல்காரரோடு நீ உரக்கப் பேசிக்கொண்டிருந்தது படுத்திருந்த எனக்குக் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நீ போனபிறகுதான் தெரிகிறது.

ஆனால் அந்தக் காலையில் என்ன செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று வாசலில் ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாய். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் மாடிக்கு வந்து நிற்கிறார்கள். தெருவே கூடிவிட்டது. நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். நீ, "ஒருதடவ, ஒரே ஒருதடவ என் பேச்சக் கேளு"ன்னு தரையில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குக் கத்தக்கூடக் குரல் இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஸ்ட்ரெச்சர்காரர்தான் பாவம், "சார், அவங்களுக்கு இஷ்டமில்ல போல"ன்னு மெதுவாகச் சொன்னார்.

நீ என்னைக் காப்பாற்ற வரவில்லையடா. உன் குற்ற உணர்ச்சியைக் காப்பாற்ற வந்தாய். அந்த அறைதான் நோயைக் கொடுத்ததா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கொடுத்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தயவுசெய்து இதையும் தியாகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காதே. வியாதியாவது எனக்குச் சொந்தமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வலி இரவில் கூடுகிறது. பகலில் பரவாயில்லை. நீ திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

ரயிலில் வரும்போது உன்மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தபிறகுதான் பயம் வந்தது.

உன் கடிதங்களைப் பையில் வைத்திருந்தேன். மறுபடியும் படித்தேன். பீரோ சாவி, ஆற்றோர நடை, அவர் தூங்கிய சினிமா. சரி, என் கதையில் இப்படி என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்தேன். அக்கா, ஒன்றும் வரவில்லை. எத்தனையோ கட்டடங்கள், பாலங்கள். எந்த வேலையில் எந்த ஒப்பந்தக்காரரோடு சண்டை போட்டேன் என்பது நினைவிருக்கிறது. சிமென்ட் வராமல் நின்ற நாட்கள் நினைவிருக்கின்றன. ஆனால் ஒரு சாதாரண மாலை, உனக்கு இருப்பது போல் ஒன்று, அகப்படவில்லை. என் மகள் முதலில் பேசிய வார்த்தை எது என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "நீங்க அப்ப சைட்டுல இருந்தீங்க"ன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் மனைவி, "எங்கயாவது போலாமா"ன்னு கேட்பாள். எனக்காக அங்கே ஒருத்தி இருட்டறையில் நிற்கிறாள், நாம் எப்படி ஊர் சுற்றுவது என்று நினைத்துக்கொள்வேன். அதே நேரத்தில் நீ சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்திருக்கிறாய். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் நிறுத்த முடியவில்லை. நேற்று அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து, "எதுக்கு அழறீங்க?"ன்னு கேட்டாள்.

உன்மேல் பொறாமையாக இருக்கிறது. சாகக் கிடக்கிறவள்மேல் ஒருத்தன் பொறாமைப்படலாமா? உன்னைப் பார்த்து, ஐயோ, இவள் வாழவில்லையே என்று இத்தனை காலம் இரக்கப்பட்டேன். வாழாமல் விட்டவன் நான்தான்.

மறுபடியும் வரலாமா? வண்டி எதையும் கூட்டிக்கொண்டு வரமாட்டேன்.

சின்னவன்

மே 3

சின்னவனே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இதை நான்கு நாளாக எழுதுகிறேன்.

உன் வாழ்க்கையில் ஒன்றும் இல்லை என்கிறாய். உனக்கு நினைவில்லை என்பதற்காக அது நடக்காமல் போய்விடுமா? நான் பார்த்தவள். சொல்கிறேன், கேள்.

வாய்க்காலின் குறுக்கே நடைபாலம் ஒன்று கட்டினாயே, உன் முதல் வேலை. அதைக் காட்ட என்னைக் கூட்டிப்போனாய். நடுப்பாலத்தில் நின்று, "ஆடுதா பாரு, ஆடுதா பாரு"ன்னு குதித்தாய். உன் செருப்பு ஒன்று கழன்று தண்ணீரில் போனது. நீ ஒற்றைச் செருப்போடு சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய். பஸ்ஸில் எல்லாரும் உன் காலையே பார்த்தார்கள். உனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

உன் மனைவி பால்கனியில் உனக்கு முடி வெட்டிவிட்டுக் காதைக் கொஞ்சம் நறுக்கிவிட்டாள். ரத்தம் வருகிறது, அவள் பதறுகிறாள். நீ, "இன்னொரு காது இருக்குல்ல, அதையும் சரிபண்ணிடு"ன்னாய். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல் கதவில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், அதைக் கெடுக்கக்கூடாது என்று.

உன் மகள் பாப்பாவைச் சின்ன வயதில் உன் அளவு நாடாவால் தலையிலிருந்து கால்வரை அளந்து, "இந்தத் தூண் போன மாசத்தவிட வளந்திருக்கு, சட்டப்படி தப்பு"ன்னு அறிக்கை வாசிப்பாய். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுபடி அளக்கச் சொல்வாள். நீ மறுபடி அளப்பாய்.

நீ ஓடிக்கொண்டேதான் இருந்தாய், ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது இதெல்லாம் உன் கையிலிருந்து விழுந்திருக்கிறது. பின்னால் வந்த நான் பொறுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் இருக்கிறது, எழுதக் கை வரவில்லை.

வா. உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. மாடிப்படி ஏற அவளுக்கு முட்டி வலிக்கும். பாதிப் படியில் ஒரு நாற்காலி போட்டுவைக்கத் தையல்காரரிடம் எழுதிக்காட்டியிருக்கிறேன்.

அக்கா

ஜூலை 6

அக்கா,

தையல்காரர் போன் செய்தார். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நாங்கள் உன்னோடு இருந்துவிட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு வரும் பாப்பாவை விமான நிலையத்தில் அழைக்க நீதான் எங்களைத் துரத்தினாய். இப்போது ஏன் கிளம்பினோம் என்று இருக்கிறது.

அவள் வந்துவிட்டாள். குழந்தையும் சுகம். அவளை எதிரில் உட்காரவைத்து நீ சொன்ன அளவு நாடாக் கதையைச் சொன்னேன். "அது எனக்கு ஞாபகம் இருக்குப்பா. உங்களுக்கு இல்லன்னுதான் நெனச்சிருந்தேன்"னாள். இருவரும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் கிடைத்திருக்கிறது. இதைத் தையல்காரரின் உறவுக்காரர் கையில் இன்றே கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைவரை இரு அக்கா.

சின்னவன்

ஜூலை 8

சின்னவனே,

உன் கடிதம் கைக்கு வந்தது. என்னிடம் வேலை பழகிய பெண் தலையணையை உயர்த்திவைத்து, பேனாவையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜன்னலோரக் கட்டில். எதிர்க்கட்டிலில் ஒரு பாட்டி, பெயர் கேட்டால் ஊரைச் சொல்கிறார். காலையில் வெளிச்சம் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. டீ குடிக்க முடியவில்லை, ஆனால் வண்டி வரும்போது வாசனை பிடிக்கிறேன். ஆயாக்கள் என்னைப் பார்க்க வந்துவந்து போகிறார்கள். ஒருத்தி என் தலையை வாரிவிட்டாள்.

கிடைத்தது போதும் என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் கிடைத்தது நிறைய. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன். நீ எனக்குத் தம்பியாகப் பிறந்தது நன்றாக இருந்தது. உன்னை வளர்த்தது பாரமில்லை. எனக்குப் பொழுது போனதே உன்னால்தான்.

நீங்கள் இருவரும் வீட்டில் இருந்தபோது உன் மனைவி எனக்குச் செய்தித்தாள் வாசிக்க, நீ கட்டில்காலில் சாய்ந்து குறட்டை விட்டாயே, அந்த மதியம் மிக நன்றாக இருந்தது. அதை மறந்துவிடாதே. இதையாவது நீயே வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை வரும்போது நான் விழித்திருந்தால் எழுதிக்காட்டிப் பேசலாம். விழிக்காவிட்டால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ. ஸ்டேஷனிலிருந்து ஓடி வராதே. இருவரும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு மெதுவாக வாருங்கள்.

அக்கா